கட்டில் பார்க்கும் உத்தியோகம்

குழந்தைகள் நல அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் "பூதக்கண்ணாடி எங்கே?" என்று கேட்டால் யாரும் மேசை இழுப்பறையைத் திறக்க மாட்டார்கள். கண்ணாலேயே மூலை அறையைக் காட்டிவிட்டு, கேட்டவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அங்கே ஆறு களப்பணியாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். பெற்றவர்களிடம் இருக்க வழியில்லாத பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மாதத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதிக்கொண்டு வருவது அந்த ஆறு பேரின் வேலை. எழுதி வந்ததைக் கிழித்துத் தோரணம் கட்டுவது அம்மாளின் வேலை.

ஒவ்வொரு வரிக்கும் கீழே இரும்பு ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார். "குழந்தை மகிழ்ச்சியாக இருந்தது" என்று எவராவது எழுதிவிட்டால் தொலைந்தார்.

"மகிழ்ச்சிய எங்க பாத்தீங்க? சிரிச்சுதா? எதப் பாத்துச் சிரிச்சுது? உங்க மூஞ்சியப் பாத்தா?"

"வீடு சுத்தமாக இருந்தது" என்றால் அதற்கும் கேள்வி வைத்திருப்பார். "கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தீங்களா?"

இந்தக் கட்டிலடிப் பைத்தியத்துக்கு நியாயம் உண்டு. அம்மாள் களப்பணியில் இருந்த காலத்தில், உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பையனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கையைப் பிடித்து வெளியே எடுத்தவர். அவன் முதுகில் இருந்த தழும்புகளைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை. மற்றதையெல்லாம் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லச் சொல்லப் பையனுக்கு வயது குறைகிறது. இப்போது தவழும் பருவத்துக்கு வந்துவிட்டான்.

அவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. இந்த விஷயத்தில் யாரும் யாருக்கும் பாக்கி வைக்காததால் அலுவலகம் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பித்தவர் ஒருவர்தான். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையில் வருவதால் மாப்பிள்ளை என்று பெயர். ஒரு வீட்டுக்கு முதல் அறிக்கை சிவந்து திரும்பினாலும், அடுத்த மாதத்திலிருந்து மாப்பிள்ளையின் அறிக்கைகள் அப்பழுக்கில்லாமல் இருக்கும். இரண்டு வரி படிப்பதற்குள் அம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிடும். ஸ்கேல் இருந்த இடத்திலேயே இருக்க, கையெழுத்து விழும்.

அந்தக் கையெழுத்துதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு லிஃப்டில் ஏறி வந்தது.

முதலில் வாட்ச்மேனின் கத்தல் கேட்டது. பிறகு இரும்பு தரையில் உரசும் சத்தம். அம்மாள் வெளியே வந்து பார்த்தபோது, வராந்தாவின் நடுவில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி முட்டி போட்டு, ஸ்பேனரால் ஒரு கட்டிலுக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தாள். தையல் கூடத்தில் சட்டைகளுக்குக் காலர் வைப்பவள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி தலைப்பலகையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"யாரு இங்க மேற்பார்வை?"

"நான்தான். என்ன இது?"

"கட்டில் மேடம். உங்க ஆபீஸ்ல யாரும் கட்டிலயே பாத்ததில்ல போலிருக்கு, அதான் கொண்டாந்தேன். இது தலைமாடு, இது கால்மாடு. நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்குக் கோர்ட்ல 'இல்ல'ன்னு சொல்லிடப் போறீங்க."

அம்மாளுக்கு வழக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஏழு வயதுப் பெண் குழந்தை. அம்மா இறந்து ஒரு வருடம். அப்பா என்ற பெயரில் யாரும் பதிவில் இல்லை. குழந்தை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். அவர்கள் நிரந்தரமாகவே கேட்கிறார்கள். இந்தத் தையல்காரி குழந்தைக்குச் சித்தி, செத்துப்போனவளின் தங்கை, அவளும் கேட்கிறாள். நாளை நீதிமன்றம் முடிவு சொல்லும். சித்தி வீட்டைப் பற்றி மூன்று மாதத்துக்கு மூன்று அறிக்கை போயிருக்கிறது. மூன்றிலும் எல்லாம் சரி, ஒன்றைத் தவிர: "குழந்தைக்குத் தனிக் கட்டில் இல்லை." விதிப்படி கட்டில் இல்லாத வீட்டுக்குக் குழந்தை இல்லை.

"எப்ப வாங்கினீங்க?"

"உங்க ஆளு மொத தடவ வந்து 'கட்டில் வேணும்'னு சொன்ன மறு வாரமே. அதுக்கப்புறம் அவரு எங்க தெருப் பக்கம் தலை வெச்சும் படுக்கல."

"நேத்து வாங்கிட்டு வந்துகூட இப்படிச் சொல்லலாமே?"

சித்தி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கையில் இருந்திருந்தால் அது பறந்து வந்திருக்கும்.

"எங்க மேடம் கட்டிலுக்கு அடியிலகூடப் பாப்பாங்கன்னு அவரு அன்னைக்குப் பெருமையாச் சொன்னாரு. பாருங்க. அடியில கடைக்காரன் ஒட்டின சீட்டு இருக்கு. என் வீட்டு அட்ரஸ், கொண்டாந்து எறக்கின தேதி, எல்லாம் இருக்கு. பாருங்க மேடம், குனிங்க!"

அதற்குள் எல்லாக் கதவிலும் தலைகள் முளைத்துவிட்டன. மாப்பிள்ளை நீங்கலாக ஐந்து களப்பணியாளர்களும் இவ்வளவு நாள் உயிரோடு இருந்ததே இதைப் பார்க்கத்தான் என்பதுபோல் நின்றார்கள். அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்தார், முழங்கால் போட்டார், தலையைக் கட்டிலுக்கு அடியில் விட்டார். சீட்டு இருந்தது. மாப்பிள்ளை முதல் தடவை போய்ப் பார்த்ததற்கு எட்டு நாள் கழித்துத் தேதி.

ஒரு சீட்டைப் படிக்க அரை நிமிடம் போதும். அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். அந்த மாடியில் முகங்கள் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையையும் மூன்று அறிக்கைகளையும் அறைக்கு வரவழைத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அம்மாள் கடைசியில் ஸ்கேலை எடுத்தார். தேதியைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. மூன்று அறிக்கையிலும் ஜன்னல் கம்பியில் ஒரு நீலத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"மூணு மாசமாவா ஒரு துண்டு காயும்?"

மாப்பிள்ளை கொஞ்சமும் கசங்கவில்லை. "மேடம், மொத ரிப்போர்ட்ட நீங்கதான் பதினாலு எடத்துல திருத்தினீங்க. 'வீடு ஒழுங்கா இருந்துது'ன்னு எழுதினேன். 'கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதுங்க'ன்னு நீங்கதான் அந்தத் துண்ட என் வாயிலேர்ந்து பிடுங்கி, அழகா வரி போட்டுக் குடுத்தீங்க. நீங்க எழுதினதுல நீங்க எப்படித் தப்புக் கண்டுபிடிப்பீங்க? அதான் அப்படியே வெச்சேன்."

அம்மாள் வரிகளைப் பார்த்தார். அவருடைய வரிகள்தான். மாதா மாதம் தன் எழுத்தைத் தானே ரசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"அப்ப ரெண்டு மாசமும் நீங்க போகவே இல்ல."

"நாப்பத்தோரு பிள்ளைங்க மேடம் எனக்கு. பிரிச்சுக் குடுத்தது நீங்க. மாசத்துக்கு எத்தன நாளுன்னு நீங்களே சொல்லுங்க."

கணக்கு தன் பக்கம் திரும்பினால் வழக்கமாகச் செய்வதை அம்மாள் செய்தார். "வெளிய போங்க" என்றார்.

மாப்பிள்ளை போன வழியில் இயக்குநர் வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததில் அவருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"ஒரே வரிதானேம்மா. 'தற்போது கட்டில் வாங்கப்பட்டுள்ளது'ன்னு எழுதி அனுப்புங்க. பொய் ஒண்ணும் இல்லையே."

"தற்போதுன்னா நேத்துன்னு ஆகும் சார். வழக்குக்காக மொத நாள் ஓடிப்போய் வாங்கினவன்னு நீதிபதி நினைப்பார். பிள்ளைய அங்கயே விட்டுடுவாங்க."

"விட்டா என்ன? நல்ல குடும்பம்தானே?"

"நல்ல குடும்பம்தான்."

"அப்புறம்? மூணு கையெழுத்தும் உங்களோடது. எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன்."

உங்களுக்காகச் சொல்கிறேன் என்று மேலதிகாரி சொன்னால், நாற்காலி இன்னும் கீழே இருக்கிறதா என்று ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. அம்மாள் தடவிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் மீது பாய்ந்தார். "அந்தச் சட்டையில பட்டன் இல்லன்னு எத்தன தடவ சொல்றது?"

கணவர் சட்டையை விரித்துக் காட்டினார். "நானே தச்சு ஒரு மாசம் ஆச்சு. நீ பாக்காமயே தெனமும் ரிப்போர்ட் குடுத்துக்கிட்டிருக்க."

பகலில் நடந்தது அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதால் தப்பித்தார். அம்மாள் மேசைக்குப் போய்த் திருத்திய அறிக்கையை எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் நீதிமன்றத்தில் அதை அவரே படித்தார். கட்டில் வந்த தேதி, யாரும் போய்ப் பார்க்காத இரண்டு மாதங்கள், காயாத நீலத் துண்டு எல்லாம் வந்தன. கடைசி வரி: "பிந்தைய இரண்டு அறிக்கைகளிலும் மேற்பார்வையாளர் முழுவதும் வாசிக்காமல் கையெழுத்திட்டார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வாசிக்காமலா போட்டீங்க?"

"மொத ரெண்டு வரி வாசிச்சேன் ஐயா. நல்லா இருந்துது."

"நல்லா இருந்துதா?"

"நான் எழுதினது."

எழுத்தருக்கு இருமல் வந்தது. சித்தி சிரிக்கவில்லை. வளர்ப்புத்தாய் கைக்குட்டையை வாயில் வைத்து அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குக் கை இருந்திருந்தால் அறைந்திருக்கும். நீதிபதி உத்தரவைச் சொன்னார். வேறு அலுவலகத்து அதிகாரி ஒருவர் இன்றே நாலு மணிக்குச் சித்தி வீட்டைப் பார்க்க வேண்டும். கட்டில் அங்கே இருந்தால் குழந்தை சித்திக்கு.

வெளியே படிக்கட்டில் அம்மாள் சித்தியின் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன, நன்றி சொல்வேன்னு நிக்கிறீங்களா?"

"இல்ல. கட்டில் எங்க வராந்தாவுல இருக்கு."

சித்தியின் முகம் வெளிறியது. மணி இரண்டேகால்.

அந்தப் பிற்பகலில் அந்தத் தெரு ஒரு காட்சியைக் கண்டது. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டைப் பிடித்திருந்தார். தலைமாட்டில் பூதக்கண்ணாடி. இரண்டு மாதமாகப் போகாத வீட்டுக்கு மாப்பிள்ளை இப்படிச் சீரோடு வந்து சேர்ந்தார். மூன்று மாடி, ஒடுக்கமான படி.

"சுவரு, சுவரு! பெயிண்ட் உரியுது!" என்று மேலிருந்து சித்தி கத்தினாள். "எழுதத்தான் தெரியலன்னா தூக்கவும் தெரியலயே!"

"மேடம், கொஞ்சம் எறக்கி வெச்சுட்டு..."

"தூக்குங்க மாப்பிள்ள!" என்றார் அம்மாள். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே மாப்பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசித் திருகு இறுகியது. நாலு மணிக்கு அதிகாரி வந்தார். கட்டிலைப் பார்த்தார், மெத்தையை ஒரு தட்டுத் தட்டினார், "சரி" என்று பேனாவை எடுத்தார்.

அம்மாளால் பொறுக்க முடியவில்லை. "அடியில பாக்கலையா?"

"ஏன் மேடம்," சித்தி பல்லைக் கடித்தாள், "வாய மூடிக்கிட்டு இருக்கவே முடியாதா உங்களால?"

அதிகாரி குனிந்தார். சீட்டைப் படித்தார். தேதியை எழுதிக்கொண்டார். அந்தத் தேதிதான் பத்தாம் நாள் குழந்தையைப் பெட்டியோடு அந்த மூன்று மாடி ஏற்றியது.

விசாரணை ஒன்று நடந்தது. மாப்பிள்ளைக்கு வேலைப்பளு என்று எழுதி எச்சரிக்கையோடு விட்டார்கள். மூலை அறை வேறொருவருக்குப் போயிற்று. அம்மாள் பழையபடி களப்பணியாளர். மாப்பிள்ளையின் நாற்பத்தொன்றில் இருபது இப்போது அவருக்கு. முதல் பெயர் அந்தக் குழந்தையுடையது. இது தற்செயல் என்கிறார் இயக்குநர். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மாதம் ஒரு முறை அம்மாள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறுகிறார். சித்தி கதவைப் பாதி திறந்து, "வந்துட்டீங்களா? பாத்துக்குங்க" என்று நகர்ந்து நிற்கிறாள். உட்காரச் சொல்வதில்லை. அம்மாள் முழங்கால் போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார். போன மாதம் அங்கே ஒற்றைக் காலுறை ஒன்றும், வரிசையாக அடுக்கிய பதினோரு நூல்கண்டுகளும் இருந்தன. குழந்தை மறுபக்கத்திலிருந்து தலையை நீட்டி, "அது கடை. எதையும் தொடாதீங்க" என்றாள்.

எழுந்து புடவையைத் தட்டியபோது சித்தி கேட்டாள். "என்ன எழுதப் போறீங்க? நீலத் துண்டா?"

"இன்னைக்கு மஞ்சத் துண்டு காயுது."

"கண்ணு தெரியுதே பரவால்ல" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள்.

அம்மாள் படியில் நின்றபடியே தாளை எடுத்தார். காலுறை, நூல்கண்டு பதினொன்று, மஞ்சள் துண்டு. "வீட்டாரின் ஒத்துழைப்பு" என்ற கட்டத்துக்கு வந்ததும் சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்டதை எழுதினார்: "கதவைத் திறந்தார். கதவைச் சாத்தினார்."