அருந்ததி ரீச்சரும் ஆறின தேத்தண்ணியும்

தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடி, கை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் அருந்ததி ரீச்சர் பென்சிலைக் கூராக்குவார். கணக்கு முடிந்தால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். அதுவரை ஒரு மிடறு இறங்காது. கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு ரீச்சர், நான் தையல் ரீச்சர். ஒரே வீட்டில்தான் அறை எடுத்து இருக்கிறோம். போன மாதம் வரை அவர் சூடாகத் தேநீர் குடித்து நான் கண்டதேயில்லை.

"ஆறிப்போச்சுது, குடியுமன்" என்றால், "பொறும் விமலா, உடைச்சதை இன்னும் ஒட்டிப் பாக்கேல்லை" என்பார்.

உடைப்பது பின்னத்தை. கீழே இரண்டு கோவைகள் பெருக்கலில் நிற்கிற முரட்டுப் பின்னத்தை நேரே தொகையிட முடியாதாம். இரண்டு சின்னப் பின்னங்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் 'லொக்' என்கிற மடக்கையாக மாறிச் சொன்னபடி கேட்குமாம். பிரித்தவர் அதோடு விடுவாரா? இரண்டையும் மறுபடி கூட்டி, பழைய பின்னம் வருகிறதா என்று பார்ப்பார். தைத்த சட்டையைப் பிரித்துத் தைக்கிற வேலை என்று சொன்னேன். அன்று முழுக்க என்னோடு கதையில்லை!

இன்னொரு விசித்திரமும் உண்டு. கணக்கைத் தொடங்கும் முன்பே தாளின் அடியில், வலது ஓரத்தில், '+ C' என்று எழுதிவிடுவார். தொகையிட்ட விடையின் வாலில் வரவேண்டிய மாறிலி அது. எந்த எண்ணாகவும் இருக்கலாம். "கடைசியிலை மறந்துபோவன். முதல்லையே இருக்கட்டும்" என்பார். போன பரீட்சையில் மறந்தவர் அல்லவா!

வெளிவாரியாகப் பட்டப் பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் பெயிலாகிவிட்டார். "இதுவும் போச்சுதெண்டால் புத்தகமெல்லாத்தையும் கட்டி அலுமாரிக்கு மேலை போட்டிடுவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போன மாதம் மூன்றாம் தடவை எழுதக் கொழும்புக்குப் போனார். தனியே விட அவருடைய அம்மாவுக்கு மனமில்லை; துணைக்கு நான் போனேன்.

திரும்பி வரும் ரயிலில் எங்களுக்கு எதிரே வீரகத்தி என்றொரு இளைஞர் இருந்தார். நில அளவைக் கந்தோரில் வேலை. அவரும் அதே பரீட்சை எழுதியவர். சும்மா இருக்காமல், "கடைசிக் கணக்குக்கு என்ன விடை ரீச்சர்?" என்று கேட்டார். ரீச்சர் சொன்னார்.

"லொக்குக்குள்ளை x கூட்டல் ரெண்டோ? எனக்கு 2x கூட்டல் நாலெல்லோ வந்தது!"

ரீச்சரின் முகம் செத்துப்போனது. ஜன்னலால் வந்த கரித்தூள் கன்னத்தில் ஒட்டியிருந்தது, அனுராதபுரம் தாண்டியும் துடைக்கவில்லை. இந்த மனிசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன? ஆனால் பாவம், தன் விடைதான் பிழையோ என்று அவருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

வவுனியாவில் வடையும் தேநீரும் வாங்கினேன். ரீச்சர் கோப்பையைத் தொடவில்லை. வடை சுற்றி வந்த தாளை எடுத்து, இரண்டு விடைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். x இருந்த இடமெல்லாம் வெட்டுப்பட்டுப் போனது. மிஞ்சியது இரண்டின் மடக்கையில் பாதி. வெறும் எண்.

"வீரகத்தி, கடைசியிலை C போட்டனீங்களோ?"

"ஓம் ரீச்சர், போட்டனான்."

"நானும் போட்டனான். முதல்லையே போட்டனான்!" ரீச்சர் பென்சிலால் தாளைத் தட்டினார். "நான் அந்த ரெண்டை வெளியிலை எடுத்தனான், நீங்கள் உள்ளுக்கை விட்டிட்டியள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எண் C-க்குள்ளை அடங்கிப்போம். ரெண்டு பேரும் சரி!"

"அப்பாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீரகத்தி சேட்டுக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அருந்ததி ரீச்சர் என் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி, ஆவி பறக்கப் பறக்க மடமடவென்று குடித்தார். நாக்குச் சுட்டுவிட்டது, பேச முடியவில்லை. வெறுங்கோப்பையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மேடையில் நின்ற தேநீர்க்காரனுக்கு 'இன்னும் ஒன்று' என்று ஒரு விரலைக் காட்டினார்.