பெடல் நின்றபோது

போரால் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. பாட்டுக் கேட்க ஒரு ஹெட்போன் வாங்கலாமென்று யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். எங்கள் வீட்டில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று தங்கியிருந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு சாவு நடந்திருந்ததால், பாட்டைச் சத்தமாகப் போட மனம் வரவில்லை.

என்னிடமிருந்த காசுக்குள் கடையில் இரண்டு வகைதான் இருந்தன. ஒன்று மெல்லிய பஞ்சு வைத்தது. பாட்டு தகரத்தில் தட்டியதுபோல் கேட்டது. மற்றது காதை முழுதாக மூடியது. கடைக்கார அண்ணை கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசெற் ஓடியது. மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திடீரெனப் பாட்டு இழுபட்டு நின்றது. அவருக்குக் கை உளைகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ அண்ணை."

யாரோ ஹெட்போனைப் பிடுங்கினார்கள். தலைக்கு மேலே குண்டுபோட வந்த பொம்மரின் இரைச்சல். பங்கர் குழிக்கு ஓடிய அண்ணை, என்னைக் காணாமல் திரும்பி வந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

குண்டு அடுத்த தெருவில் விழுந்தது.

"எவ்வளவு கத்தினனான் பிள்ளை, உமக்குக் கேக்கேல்லையே?" பங்கருக்குள் வந்ததும் அவர் கேட்டார்.

அடுத்த கிழமை போய், பஞ்சு வைத்ததைக் கேட்டேன்.

"உதிலை பாட்டு நல்லாக் கேக்காது பிள்ளை."

"ஓம் அண்ணை. எனக்கு உதுதான் வேணும்."

இப்போது வெளிச்சத்தம் புகாத ஹெட்போனைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் கடையில் எதைப் போட்டுப் பார்த்தாலும், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது ஒன்றுதான்: "என்னை ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்."