தன் கடை சிமெண்டைத் தானே பெயர்த்த ஜமாலுதீன் பாய்

மரக்காணத்தில் நான் நடத்தும் தட்டச்சுப் பள்ளியில் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழு இயந்திரங்களின் சத்தத்தில் கைபேசி அடித்தது கேட்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தேன். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் செல்லம்மாள் பேசினார்.

"டீச்சர், நம்ம பாய் பூட்டாருங்க. கூனிமேட்டுலேர்ந்து இப்பதான் சொன்னாங்க. காலையில தொழுதுட்டு வந்து சேர்ல உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நாங்கள் சேர்ந்து பழுதுபார்க்கும் பழைய கட்டடத்தில் மேற்குச் சுவர் வேலை பாதியில் கிடக்கிறது. இப்படி விட்டுவிட்டுப் போக இந்த மனிதருக்கு யார் அனுமதி கொடுத்தது? பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேருந்து ஏறினேன். கூனிமேடு வருவதற்குள் கோபம் போய் மற்றது வந்துவிட்டது.

ஜமாலுதீன் பாயை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். துபாயில் பல வருடம் கட்டட வேலை பார்த்துத் திரும்பி, கூனிமேட்டில் ஹார்டுவேர் கடை வைத்தவர். சிமெண்ட், கம்பி, பெயிண்ட், ஆணி எல்லாம் அங்கே கிடைக்கும். கூடவே கேட்காத ஆலோசனையும் கிடைக்கும்.

எங்கள் ஊர்க் கால்வாய்க் கரையில் பழைய உப்புக் கச்சேரி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பை எடை போட்டு வரி வாங்கிய கட்டடம். கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, வண்டி மாட்டோடு உள்ளே போகும்படி அகலமான வாசல். 'இடிந்து விழும் நிலையில் உள்ளது' என்று ஒருநாள் அதில் பலகை தொங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மனு அடித்து, கையெழுத்து வாங்கக் கடை கடையாக ஏறினேன்.

பாய் மனுவை நிதானமாகப் படித்தார். "தமிழ் ஷோக்கா இருக்குது டீச்சர். ஆனா மனு போட்டா செவுரு நிக்குமா? பூசினாதான் நிக்கும்" என்றார். அடுத்த ஞாயிறே தன் கடை சிமெண்டோடும் ஒரு கொத்தனாரோடும் வந்து இறங்கினார்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். எதிர் உப்பளத்திலிருந்து செல்லம்மாளும் வந்தார். காரை உதிர்ந்திருந்த வடக்குச் சுவரை முதலில் சிமெண்டால் பூசினோம். மேற்குச் சுவருக்கு வந்தபோது, இதற்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அரைத்துப் பூசலாம், நாளாகும், ஆனால் அதுதான் சேரும் என்று கொத்தனார் சொன்னார். பாய்கூடக் கொஞ்சம் யோசித்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், மேற்குச் சுவருக்கும் சிமெண்டே போடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். போட்டார்கள். சுவர் பளபளவென்று நின்றது. பாய் வீட்டுப் பிரியாணியோடு படம் எடுத்துக்கொண்டோம். ஊரையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எங்களுக்கு.

இரண்டு கோடை போனது. பூச்சு உப்பிக்கொண்டு வெடித்தது. விரலால் தட்டினால் பின்னால் இருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. நான் கொத்தனாரையும் சிமெண்ட் கம்பெனியையும் திட்டித் தீர்த்தேன். செல்லம்மாள்தான் விஷயத்தைச் சொன்னார்.

"உப்பு செவுத்துக்குள்ளாற இருக்குதுங்க. காஞ்சா அது வெளியில வரும், அதான் அதும் கொணம். நீங்க வழிய அடைச்சிட்டீங்க. அது எங்க போவும்? செங்கல்லத் தின்னுது."

வாழ்நாள் முழுதும் பாத்தியில் உப்பு வாரியவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பாய் உதிர்ந்த செங்கல் மாவை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேட்டார். அவரும் செல்லம்மாள் சொன்னதையே சொன்னாராம்.

அதற்குள் அரசாங்கப் பொறியாளர் பார்வையிட வரும் நாள் வந்துவிட்டது. அவர் எழுதுவதை வைத்துத்தான் கச்சேரி நிற்பதும் போவதும். நான் புது மனு அடித்தேன். கடற்காற்றும் மழையும் சுவரைக் கெடுத்துவிட்டன என்று அதில் எழுதியிருந்தேன். சிமெண்ட் பற்றி வாய் திறக்க வேண்டாம், அரசாங்கக் கட்டடத்தைக் கெடுத்தோம் என்று நம்மேலேயே கேஸ் போடுவார்கள் என்று எல்லோரையும் எச்சரித்தேன். பாய் தலையாட்டினார்.

பொறியாளர் மாவாக உதிரும் சுவரைப் பார்த்தார். "வயசாயிடுச்சும்மா. இதுக்கு மேல தாங்காது" என்று பேனாவை எடுத்தார்.

பாய் முன்னால் வந்தார். "சார், ஒரு நிமிஷம். செவுத்து மேல தப்பு இல்ல. தப்பு எங்களுது. சிமெண்ட் எங் கடையிது. தெக்குச் செவுர வந்து பாருங்க, அத நாங்க தொடல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொறியாளர் தெற்குப் பக்கம் போய், சாவியால் சுரண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒரு தூள்கூட விழவில்லை. இரண்டும் ஒரே வயதுச் சுவர்கள்தான். திரும்பி வந்தவர், "இத எழுதிக் குடுப்பீங்களா பாய்? குடுத்தா ஒரு மழைக்காலம் வரைக்கும் டயம் தர்றேன்" என்றார்.

அந்த வாக்குமூலத்தை நான்தான் அடித்தேன். பாய் பெயரை அடித்து, கீழே என் பெயரையும் அடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, என் பெயரை எடுக்கச் சொன்னார்.

"உங்களை நம்பிப் புள்ளைங்கள அனுப்புறாங்க டீச்சர். எங்கிட்ட ஆணி வாங்கத்தான் வர்றாங்க. என் பேரு ஒண்ணு போதும்."

நான் எடுத்துவிட்டேன். அதிகம் மறுக்கவும் இல்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஞாயிறுதோறும் பாய் சின்ன உளியோடு உட்கார்ந்து தன் சிமெண்டைத் தானே பெயர்த்தார். ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் யாரும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். அவசரப்பட்டால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அப்புவோம். காய்ந்ததும் உரித்தால் தாளோடு உப்பும் வெள்ளையாக வரும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும் என்பதால், கூழ் கரைக்கக் கேன் தண்ணீரைத் தன் லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். "மனுசன் குடிக்கிற தண்ணியச் செவுத்துக்கு ஊத்துறாரே, பாய்க்குக் கழண்டுடுச்சா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிமெண்ட் விற்பவரே சிமெண்டைப் பெயர்க்கிறார் என்றால் சரக்கு எப்படிப் போகும் என்று அவர் மகன் வீட்டில் சண்டை போட்டார். "கேக்குறவங்ககிட்ட எந்தச் செவுருன்னு கேட்டுட்டுதான் குடுக்குறேன்" என்றார் பாய். உண்மையிலேயே கேட்டார். பழைய வீட்டுக்கென்று வந்தவர்களைச் சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்படி ஒரு வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மழை முடிந்து பொறியாளர் வந்தபோது, சுண்ணாம்பு பூசிய வடக்குச் சுவர் உலர்ந்து உறுதியாக நின்றது. பலகையைக் கழற்றச் சொன்னார். பாய் அழுதுவிட்டார். எங்களுக்கும் அடங்கவில்லை.

கூனிமேட்டில், வீட்டு வாசலுக்கு வெளியே அந்தப் பொறியாளரும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார். "எத்தனையோ கட்டட ஃபைல் பாத்துட்டேம்மா. எல்லாத்துலயும் மழை, காத்து, வயசுன்னுதான் இருக்கும். தப்பு பண்ணினது நான்தான்னு ஒரு ஆளு கையெழுத்து போட்டது இந்த ஒண்ணுலதான்."

மேற்குச் சுவருக்குச் சிமெண்ட் போடச் சொன்னது நான்தான் என்று அங்கேயே அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? ஃபைலே மூடியாச்சு" என்றார்.

"தொறங்க சார்" என்றேன்.

அதற்குள் பாயின் உடலைச் சுமந்து ஜனாஸா வெளியே வந்தது. நாங்கள் இருவரும் ஒதுங்கி வழிவிட்டோம்.

ஜமாலுதீன் பாய், நேற்று ஒரு பக்கம் அடித்துப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வாங்கி வந்துவிட்டேன். உங்கள் பெயருக்குக் கீழே இப்போது என் பெயர் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். யாரும் வகுப்பை விட்டு நின்றுவிடவில்லை. மேற்குச் சுவரில் மிச்சம் இருப்பது என் சிமெண்ட். அதை நான் பெயர்த்துக்கொள்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு முழம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.