தாய்மாமன் இடத்தில் அமர்ந்த எங்கள் அக்கா

அன்புள்ள உறவினர்களுக்கும், அக்காவோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்த தோழிகளுக்கும் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோது முதலில் அவருடைய நோயைப் பற்றித்தான் எழுத வந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதைப் படித்திருந்தால் அக்கா சிரித்திருப்பார். தம் வாழ்க்கையில் தாம் ஜெயித்த பெரிய காரியம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று, என் மகள் யாழினி தன் காலில் நடந்ததைத்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

அக்கா ஆம்பூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்தார். அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டே பெண்கள். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பள்ளியில் படிக்கும்போது அக்காவுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. வேலூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிள்ளை பெறுவது உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா அதை மறைக்கவே இல்லை. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதபோது, "விடும்மா, இப்படியே போனா பால்காரருக்குத்தான் லாபம்" என்றார் அக்கா.

அப்பா தவறிய பின் அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். மெஷினில் தொடங்கி, லைன் சூப்பர்வைசர் வரை உயர்ந்தார். என்னைப் பட்டப்படிப்பு படிக்க வைத்து, நெமிலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் திருமணமும் செய்து கொடுத்தார். என் கணவர் ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறார்.

பிரசவத்துக்கு ஆம்பூருக்கு வந்திருந்தேன். யாழினி பிறந்தபோது அவளுடைய இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. குழந்தையைப் பார்க்க வந்த என் மாமியார், அவரை நான் அத்தை என்பேன், துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கிரகணத்துல வெளிய வந்தியா நீ? பொட்டப் புள்ளைக்கு காலு இப்படி கீதே, நாளைக்கு இன்னா பண்ணுவே?"

அந்த நேரம் பார்த்து அக்கா ஷிப்ட் முடிந்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். குழந்தையின் இரண்டு பாதங்களையும் தம் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்லத்தே. கால் திரும்பியிருக்கு. திருப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

வாராவாரம் மாவுக்கட்டுப் போட்டு, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அக்காவே எங்களை அழைத்துப் போனார். எந்தக் கவுண்டரில் கூட்டம் கம்மி, எந்த மின்தூக்கி சீக்கிரம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை நர்ஸ் வந்து, "இதுல பேஷண்ட் யாரு?" என்று கேட்டார். "ரெண்டு பேருமேதான். இன்னைக்கு என் முறை இல்ல" என்றார் அக்கா. வராந்தாவே சிரித்தது.

கட்டுகள் முடிந்ததும் பூட்ஸ் கொடுத்தார்கள். இரண்டு குட்டி பூட்ஸ்களையும் ஓர் உலோகப் பட்டை இணைத்திருக்கும். முதல் சில மாதங்கள் இரவு பகலாகப் போட வேண்டும், பிறகு சில வருடங்களுக்குத் தூங்கும்போது மட்டும். கழற்றினால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும் என்று மருத்துவர் எச்சரித்தார். அந்தப் பட்டையோடே யாழினி குப்புற விழுந்தாள், தலையைத் தூக்கிப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு நெமிலிக்குப் போனேன். பேத்தியின் மேல் அத்தைக்கு உயிர். குழந்தை இரவில் பூட்ஸோடு புரள முடியாமல் அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நான் அசந்து தூங்கிய பிறகு கழற்றிவிட்டு, நான் எழுவதற்கு முன் மாட்டிவிடுவார். எனக்குத் தெரியாது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருத்துவர் இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரவில் பூட்ஸைக் கழற்றியிருக்கிறீர்கள், மறுபடியும் கட்டு போட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து கேட்டபோது அத்தை ஒப்புக்கொண்டார்.

மறுநாளே அக்கா நெமிலிக்கு வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"குழந்தை அழுவுதேன்னு கழட்டினீங்க. எனக்குப் புரியுதுத்தே. ஆனா இவ இருபது வயசுல நொண்டிக்கிட்டு அழுதா, அப்போ எதைக் கழட்டுவோம்? கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரையும் ஆம்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வூட்டு மருமவளை நீ கூட்டினு போவியா? ஒரு புள்ள பெத்திருந்தா தெரியும் உனக்கு."

அக்கா குனிந்து என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எங்களைப் பேருந்தில் ஏற்றி உட்கார வைத்தார். ஊர் தாண்டியதும், "ஜன்னலை மூடு. பாப்பாவுக்குக் காத்து ஜாஸ்தி அடிக்குது" என்றார். அத்தை சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அவர் என்னிடம் கடைசி வரை பேசியதே இல்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து இல்லை. என் கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார். மறுபடியும் கட்டு, மறுபடியும் பூட்ஸ். இரவில் குழந்தையை அக்கா தம் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். யாழினி புரளும்போதெல்லாம் பட்டை அவருடைய விலாவில் இடிக்கும். காலையில் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "நேத்து நல்லா ஆடினா மேட்ச்சு" என்பார்.

அந்த வீட்டில்தான் என் மகள் வளர்ந்தாள். முளைத்த முதல் பல்லால் அக்காவின் விரலைக் கடித்தாள். இட்லியை வாய்க்குப் பதில் தலையில் வைத்துக்கொண்டாள். பகலில் பூட்ஸ் வேண்டாம் என்றானதும் தவழ்ந்து போய் அம்மாவின் பாத்திரங்களையெல்லாம் உருட்டினாள். பெரியம்மா என்று சொல்ல வராமல் "பெம்மா" என்றாள். அவள் முதலில் பேசிய சொல் அதுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கம்பெனியில் தையல் கூடப் பெண்கள் டீ நேரத்தில் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "இன்னிக்கு இன்னா பண்ணா உங்க பாப்பா?" என்று கேட்பார்களாம். அக்கா நடித்தே காட்டுவாராம்.

யாழினி எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். ஆனால் கையை விடவில்லை. அவள் வயதுக் குழந்தைகள் தெருவில் ஓடின. நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

டிசம்பர் கடைசியில் வெளிநாட்டு ஆர்டரெல்லாம் அனுப்பி முடிந்ததும் கம்பெனிக்குச் சில நாள் விடுமுறை விட்டார்கள். "ஏலகிரி போலாம். பாப்பா குளிர் பார்த்ததில்ல" என்றார் அக்கா. அம்மா, அக்கா, நான், என் கணவர், யாழினி ஐவரும் கிளம்பினோம். மலையில் பனி மூட்டம். குல்லாயில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, யாழினி வாயால் புகை விட்டு அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். படகில் போனோம். அக்காவுக்கு மேடேறினால் மூச்சு வாங்கும். ஆதலால் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். யாழினி அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுட்ட மக்காச்சோளம் வாங்கிக்கொண்டு என் கணவர் எதிரே வந்தார். எங்கிருந்தோ ஒரு குரங்கு பாய்ந்து வந்து அதில் ஒன்றைப் பிடித்து இழுத்தது. அவர் விடவில்லை, அதுவும் விடவில்லை. யாழினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெஞ்சை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குரங்கை நோக்கி நடந்தாள்.

நான் பதறி ஓடினேன். "பிடிக்காதே! விடு, விடு அவளை!" என்று அக்கா கத்தினார்.

பொத்தென்று உட்கார்ந்தாள். தானே கையை ஊன்றி எழுந்தாள். மறுபடியும் நடந்தாள். பாதங்கள் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. என் கணவர் சோளத்தைக் குரங்கிடமே விட்டுவிட்டு மண்டியிட்டு மகளை வாரி எடுத்துக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். "தண்ணி குடு, வால்வு எகிறிடப் போவுது" என்று என் கையைப் பிடித்தார்.

நெமிலிக்குப் போன் போட என் கணவர் கைப்பேசியை எடுத்தார். அக்கா தடுத்தார். "சொல்லாதீங்க. பொங்கலுக்குப் போங்க. அவங்க கண்ணால பார்க்கட்டும்."

"நீயும் வாக்கா" என்றேன்.

"கூப்பிட்டா வர்றேன்."

பொங்கலுக்கு வருகிறோம் என்று மட்டும் என் கணவர் தம் தாயாரிடம் சொன்னார். அதற்கு அத்தை, "புள்ளைக்குக் காது குத்தணும். அந்தப் பெரிய பொண்ணையும் கூட்டினு வா" என்றாராம்.

யாழினி நடந்த செய்தி தையல் கூடம் முழுவதும் பரவிவிட்டது. ஏற்றுமதிக்குத் தைத்த குழந்தை ஷூ ஜோடி ஒன்று, சிவப்பு நிற சாம்பிள், சும்மா கிடந்ததாம். தோழிகள் மேனேஜரிடம் அனுமதி வாங்கி அதை அக்காவிடம் கொடுத்தனுப்பினார்கள்.

போகிக்கு முந்தின நாள் மாலை நெமிலி சேர்ந்தோம். குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். காலையில் தெருவெல்லாம் புகையும் பனியும். பிள்ளைகள் போகி மேளத்தைக் கொட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தில் யாழினி எழுந்துகொண்டாள். அக்கா பூட்ஸைக் கழற்றி, சிவப்பு ஷூவை மாட்டி, வாசற்படிக்கு வெளியே இறக்கி விட்டார். அத்தை குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். யாழினி மேளச் சத்தம் வந்த பக்கம் நடந்தாள். நேரே கோலத்தின் நடுவே போய் நின்றாள்.

அத்தை நிமிர்ந்தார். கையிலிருந்த மாவு கீழே கொட்டியது.

"நடக்குது! எம்மாடி, நடக்குதுடி! எல்லாரும் வந்து பாருங்க!" தெருவுக்கே கேட்டது. நான் குழந்தையைக் கோலத்திலிருந்து தூக்கப் போனேன். "உடு! கோலம் போனா போவுது. மிதி, என் கண்ணு, நல்லா மிதி!"

தரையிலேயே உட்கார்ந்து பேத்தியின் ஷூவைக் கழற்றி, இடது பாதத்தைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் காபி கொண்டுவந்து, முதல் டம்ளரை அக்காவிடம் நீட்டினார்.

காணும் பொங்கலன்று குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால் சித்தி மகனைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா ஓரமாக நின்றார். "இவங்க மடியிலயே உக்கார வைக்கலாமே" என்றார் என் கணவர். பங்காளிகளில் ஒரு பெரியவர், "கல்யாணம் ஆவாத பொண்ணு அது. மொறைன்னு ஒண்ணு இல்லியா?" என்றார்.

அத்தை முன்னால் வந்தார்.

"தாய்மாமன் இன்னா பண்ணுவான்? ஒரு கஷ்டம்னா வந்து நிப்பான். இந்தப் புள்ளைக்கு வந்து நின்னது யாரு? நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் அவளை, சொல்லக் கூடாத வார்த்தை. அதுக்கப்புறமும் நின்னாளே! இதுக்கு மேல இன்னா மொறை வேணும் உனக்கு?" அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா நீ."

அக்கா மணையில் அமர்ந்தார். யாழினி தானே நடந்து போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். ஆசாரி காது குத்தும்போது வீறிட்டாள். வாழைப்பழத்தைக் கண்டதும் நிறுத்தினாள். அன்று எடுத்த படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. அக்கா அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் அக்காவின் இதயம் தளர்ந்தது. மறுபடியும் வேலூர். வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள் என்பதால், கீழே தோட்டத்தில் யாழினியை ஓட விடுவோம். அக்கா ஜன்னலருகே சாய்ந்துகொண்டு பார்ப்பார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "அதோ, ஓடுறா பாருங்க, அவதான்" என்று காட்டுவார். நாங்கள் வீடு திரும்பியதும் போனில் அவர் கேட்பது ஒரே கேள்வி: "பூட்ஸ் மாட்டியாச்சா?" கடைசி நாளும் அதைக் கேட்டார். மாட்டியாச்சு என்றேன். "அப்ப சரி" என்றார். அந்த நிம்மதியோடே போனார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், யாழினியின் பாதங்களை நேராக்கியவர்களுக்கும் எங்கள் நன்றி. ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் துணை இருந்த தையல் கூடத் தோழிகளுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், மகளைப் பறிகொடுத்தும் எங்களைத் தேற்றிய அம்மாவுக்கும் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாக அத்தைக்கு. காரியம் முடியும் வரை ஆம்பூரில் எங்களோடு இருந்து ஆக்கிப் போட்டவர் அவர்தான். சென்ற மாதம் நெமிலியில் ஒரு வீட்டில் கால் வளைந்த குழந்தை பிறந்ததும், யாரும் சொல்லாமலே தாயையும் பிள்ளையையும் வேலூருக்கு அழைத்துப் போனார். இந்தக் கட்டுரையில் பூட்ஸ் கழற்றிய விஷயத்தை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உறவுகள் எல்லோரும் படிப்பார்களே என்று எனக்குத் தயக்கம்.

"எழுது" என்றார். "நான் கழட்டுனதையும் எழுது, அவளைச் சொன்ன சொல்லையும் எழுது. படிக்கிற எவளாவது ஒருத்தி கழட்டாம இருப்பா. அது உங்க அக்கா புண்ணியத்துல சேரட்டும்."

எழுதிவிட்டேன், அத்தை.