மேனேஜரம்மாவுக்கு வராத மைனா

அந்தக் கிண்ணம் வெள்ளை. ஒன்றரைச் சாண் அகலம், நாலு விரல் ஆழம். விளிம்பைச் சுற்றி ஒரு கொடி ஓடும், கொடியில் அங்கங்கே இலை. சூளையிலிருந்து வந்தபோது அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு. அதை நான் கிட்டத்தில் கடைசியாகப் பார்த்தது கம்பெனி கேட்டில். அப்பா கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டை வாட்ச்மேன் உருவி, உள்ளே இருந்த கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சாயங்காலச் சங்கு ஊதி எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரம். அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். நானும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். வரிசையில் ஏழெட்டு ஆளுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பீங்கான் வேலைதான். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, பொம்மை. நாங்கள் வேலை பார்த்தது ஒரு தனியார் கம்பெனி. இப்போது அது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. களிமண் கூழை அச்சில் ஊற்றிப் பாண்டம் வார்ப்பது அப்பாவின் வேலை. கப்புகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஒரு ஆயுத பூஜை அன்று மேனேஜரின் மனைவி அப்பாவின் ஷெட்டுக்கு வந்தார். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் மேனேஜரம்மா. கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை வைத்திருந்தார். அதில் புல்தரை நடுவே ஒரு தூண், தூண் மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் நாலைந்து குருவிகள் குளித்துக்கொண்டிருந்தன. படத்தை அப்பாவிடம் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்களேன். என் தோட்டத்துக்கும் பறவைங்க வரட்டும். வூட்டுக்குப் போற வழியில கையோட கொண்டாந்து குடுத்துடுங்க, போதும்" என்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தார். உடைந்த சில்லுகூடப் பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்டில் பிடித்ததும் அப்பா பதறவில்லை. "மேனேஜரம்மா கேட்டாங்க. அங்கதான் எடுத்துக்கினு போறேன்" என்றார். ஆபீஸ் ஆள் ஒருவர் சைக்கிளில் பங்களாவுக்குப் போனார். அவர் திரும்பி வர கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரமும் அப்பா சிரித்த முகமாகத்தான் நின்றார். சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த ஆள், "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம்" என்றார். போட்ட உத்தரவை மேனேஜர் வீட்டிலேயே மீறினார்கள் என்று பேச்சு வந்துவிடக் கூடாது, காரணம் அவ்வளவுதான். நான் முன்னால் போய், "அவங்கதான் செய்யச் சொன்னாங்க, நான் பக்கத்துல இருந்தேன்" என்று சொன்னேன். "மவ அப்பனுக்குத்தானே சொல்லுவா" என்று யாரோ சொன்னார்கள், நாலு பேர் சிரித்தார்கள். கம்பெனிக்குப் பின்னால் வேலியில் ஆள் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. திருடுகிறவன் அதை விட்டுவிட்டு மெயின் கேட்டு வழியாக ஏன் வரப்போகிறான்? அதை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை.

ஊரில் வேறு சூளைகள் இருந்தன. அங்கெல்லாம் அப்பாவுக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. களிமண் கூழின் பக்குவத்தை விரலாலேயே தொட்டுச் சொல்கிறவர் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போனார். தோகை கீறிய கையோடு வாரக் கடைசியில் வருவார். தெருவில் அவருக்குக் 'கிண்ணம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. டீக்கடையில், "கிண்ணம் வந்துட்டாரு, டம்ளர எண்ணி வையி" என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். நான் வேலையை விடவில்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். தினமும் கேட்டில் என் தூக்குச்சட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

எங்கள் வீடு கம்பெனி வீடு இல்லை. அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மனையில் கட்டிய கூரை வீடு. அதன் தோட்ட வேலிக்கும் மேனேஜர் பங்களாவின் பின்சுவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற சந்துதான் இடைவெளி. சுவர் இடுப்பு உயரம். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். பங்களாத் தோட்டத்தின் நடுவே சிமெண்டுத் தூண் ஒன்று எழும்பியிருந்தது. அதன் மேல் அந்தக் கிண்ணம். திருட்டுப் பொருள் என்று கேட்டில் பிடுங்கியது, யாருக்கு என்று செய்தாரோ அவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. மேனேஜரம்மா செம்பிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா சத்தம் போட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அதுல ஒரு குருவி வாய் வைக்காது. நான் பாத்துடறேன்" என்றாள்.

குருவிகளை எங்கள் பக்கம் இழுக்க முதலில் எங்களுக்கு வழி தெரியவில்லை. நொய்யை முறத்தில் போட்டு வெளியே வைத்தோம். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து ஒரு பொழுதில் காலி செய்துவிட்டுப் போயின. பிறகு அம்மா வேலிக்குள்ளேயே உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தாள். எந்தக் குருவி தரையில் மேயும், எது கிளையை விட்டு இறங்காது, எது தனியாக வரும், எது கூட்டமாக வந்து சண்டை போடும் என்றெல்லாம் எண்ணெய்க்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி மனசில் வாங்கிக்கொண்டாள். திறந்த வெளியில் தீனி வைத்தால் சின்னக் குருவிகள் பயப்படும் என்று கண்டுபிடித்தாள். பக்கத்திலேயே கருவேல முள்ளை வெட்டிக் குவித்தாள். வல்லூறு நிழல் தெரிந்தால் சிட்டுகள் அந்த முள்ளுக்குள் பாய்ந்துவிடும், நிழல் போனதும் மறுபடி வெளியே வரும். கம்பங்கதிரை உதிர்க்காமல் அப்படியே வேலியில் செருகினாள். பப்பாளியைப் பிளந்து முருங்கைக் கிளையில் குத்தி வைத்தாள், கொண்டைக்குருவிகள் வந்தன. தண்ணீருக்கு உடைந்த பானையின் அடிப்பாகம். அதில் ஒரு கருங்கல்லையும் போட்டு வைத்தாள்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார், வாய் திறக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொன்னார்: "அந்தக் கிண்ணத்துல எப்புடியும் குருவி நிக்காது. உள்ள கிளேஸ் போட்டிருக்குது, காலு வழுக்கும். சொரசொரன்னு வுடறேன்னு சொன்னேன். அந்தம்மாதான் பளபளன்னு வேணும்னாங்க." சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். தன் கைவேலையில் இருந்த ஒரே குறையைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் சேர்த்து நாங்கள் இரண்டு பேர் கோபப்பட வேண்டியிருந்தது.

அம்மாவின் பெரிய ஆயுதம் கறையான் சட்டி. பழைய சட்டியில் ஈர வைக்கோலும் சாணமும் அடைத்துச் சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால், காலையில் உள்ளே கறையான் மொய்த்துக்கிடக்கும். கோழிக்குஞ்சுக்குப் போட எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதைக் குருவிக்குப் போடலாம் என்று அம்மாவுக்குத்தான் தோன்றியது. சட்டியைத் தட்டிக் கொட்டிய முதல் நாளே மைனாக்கள் இறங்கின. பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கச்சேரி பண்ணிக்கொண்டு வந்தன. ரெட்டைவால் குருவி வேலிக்காலில் உட்கார்ந்து காத்திருந்தது. கொண்டலாத்தி ஒன்று தலைக்கொண்டையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு நடந்தது. ஒரு தை மாதக் காலையில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்கு எங்கள் தோட்டம் கலகலத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இறகுகூட விழவில்லை.

அது போதாது என்று அம்மா நினைத்தாள். மார்க்கெட்டில் மீன் கழுவுகிற இடத்திலிருந்து செதிலும் குடலும் வாங்கிவந்து, விடிந்ததும் பங்களாச் சுவரோரம் வீசினாள். சந்து ஊருக்குப் பொது, யாரும் கேட்க முடியாது. ஊர்க் காக்கைகள் எல்லாம் அங்கே கூடின. காக்கைக்கு ஒரு பழக்கம் உண்டு, கிடைத்ததைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும். மீன் குடலைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து முக்கி முக்கித் தின்றன. மேனேஜரம்மா மூக்கில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழுவுவதை வேலி இடுக்கு வழியாக நாங்கள் பார்ப்போம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல காட்சிகளில் அது ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அவர் தனியாக இருந்தவர். மேனேஜர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளை எங்கேயோ ஹாஸ்டலில் படித்தான். பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. மத்தியானங்களில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் கிண்ணத்தைப் பார்ப்பார், பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பி எங்கள் முருங்கையைப் பார்ப்பார். ஒரு நாள் சந்து தாண்டி எங்கள் வேலிக்கே வந்துவிட்டார். "உங்க வூட்டுக்கு மட்டும் எப்படி இவ்வளவு வருது? என்ன போடுறீங்க?" என்று கேட்டார். கேட்டுக்குத் 'தெரியாது' என்று சொல்லியனுப்பிய வாய், எங்கள் வேலியில் வந்து கேள்வி கேட்டது. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வூட்டு ஆளு திருடலன்னு ஆபீசுல போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கம்மா. அப்பால நான் எல்லாம் சொல்றேன்" என்றாள். மேனேஜரம்மா சுவர்ப் பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்தார், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு வாரம் நான் ஆபீஸ் பக்கமே பார்த்துக்கொண்டு பெட்டி அடுக்கினேன். அவர் போகவில்லை.

அடுத்த வருஷம் மேனேஜர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கிண்ணத்தை லாரியில் ஏற்றியதை அம்மா பார்த்தாளாம். அப்பா இன்னும் ஏழெட்டு வருஷம் கரும்புக்கும் நெல்லுக்கும் கூலிக்குப் போனார், பிறகு மார்ச்சளி வந்து படுத்தார். சாவு வீட்டில்கூட ஒருவர், "கிண்ணம் போயிட்டாரா" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். அந்தக் குணம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, கம்பெனியில் கிளார்க்காக இருந்த ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடலூர் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் என் முகத்தையே பார்த்தார். "நீ விருத்தாசலத்துல எங்க பின்சந்து வூட்டுப் பொண்ணுதானே?" என்றார். தலை நரைத்திருந்தது, நெற்றி வெறுமையாக இருந்தது. நான் தலையாட்டினேன். உடனே அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் திரும்பி, "இவங்க அப்பா பெரிய கைவேலைக்காரர். எனக்கு ஒரு கிண்ணம் செஞ்சு குடுத்தாரு. நான்தான் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னேன். இன்னும் தோட்டத்துல வெச்சிருக்கேன்" என்றார். பிறகு என்னிடம், "அப்பா சௌக்கியமா?" என்றார்.

நான்தான் செய்யச் சொன்னேன். அந்த மூன்று சொல்லுக்காக அப்பா கேட்டில் கால் மணி நேரம் சிரித்த முகமாக நின்றார். அதற்காக அம்மா வேலியில் முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். இப்போது ரசம் சாதத்துக்கும் பாயசத்துக்கும் நடுவே, யாரும் கேட்காமல், அது தானாக வந்து விழுந்தது. அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. "அப்பா இல்லீங்க, செத்துட்டாரு" என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். உண்மையான வருத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டுக்காரரும் போய்விட்டதையும், மகன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவதையும், கடலூர் வீட்டுத் தோட்டத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதையும் சொன்னார். "இன்னும் ஒரு குருவி வரல. உங்கம்மா என்னதாம்மா போடுவாங்க?"

ஒரு நிமிஷம் கறையான் சட்டி என் நாக்கு நுனிவரை வந்தது. நரைத்த தலையையும் அந்தக் கேள்வியையும் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. அப்போதுதான் அவர், "அந்தக் காலத்துலயே கேட்டேன், உங்கம்மா சொல்லல. ஏனோ தெரியல" என்றார்.

நான் சொன்னேன். "எவர்சில்வர் தட்டு ஒண்ண நல்லா பளபளன்னு தேய்ச்சு, மரமே இல்லாத இடமா பாத்து வெயில்ல வைங்க. தட்ட சுத்தி சிவப்புத் துணி கட்டுங்க. நெத்திலிக் கருவாட்ட நனைச்சு வெச்சா மைனா வரும்." கருவாடா என்று முகத்தைச் சுளித்தார். "அதுதாங்க ரகசியமே" என்றேன். கை கழுவி வந்து, பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நெத்திலியா, வேறு கருவாடு ஆகாதா என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். கடலூர்க் காக்கைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தானாகச் சொன்னதைச் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைச் சௌக்கியமா என்று கேட்டதைச் சொன்னபோதும் திரும்பவில்லை. கருவாட்டைச் சொன்னதும் திரும்பினாள்.

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

அன்றைக்கு அம்மா, அப்பா போன பிறகு முதல் தடவையாக, இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள்.