இரும்புச் சட்டியும் இருப்புக் கொள்ளாத மனிதரும்

லாரி ஷெட்டில் அவருக்குப் பெயர் 'சட்டி டிரைவர்'. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஓட்டுகிற இருக்கைக்குப் பின்னால் கனத்த இரும்புச் சட்டி ஒன்று கம்பியில் தொங்கும். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் சாமான்களை எடைக்குப் போட்டபோது அவர் பொறுக்கி எடுத்தது. வண்டி குழியில் இறங்கி ஏறினால் அது கேபின் தகட்டில் 'டங்'கென்று இடிக்கும். பக்கத்தில் தூங்கும் கிளீனர் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்வான். உனக்குத் தனியாக அலாரம் வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

கண்ட இடத்தில் தின்று வயிறு கெட்டு, லோடோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு தன் கையால் சமைத்ததைத் தவிர எதையும் தொடுவதில்லை. சமையலில் ஆள் மகா சிக்கனம். அரிசி பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். அடுத்த செக்போஸ்ட் வருவதற்குள் மீதி தானாக வெந்திருக்கும். பருப்பைக் கொதிநீரோடு அகலவாய் ஃபிளாஸ்கில் போட்டு மூடினால், மலை ஏறி இறங்குவதற்குள் குழைந்துவிடும். முட்டைகோஸின் தண்டைக்கூட வீசமாட்டார். பொடிப்பொடியாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கிவிடுவார். இடுப்பில் எப்போதும் ஒரு ரெக்சின் பை: மடக்குக் கத்தி, சின்ன டார்ச், கட்டுக் கம்பி, கோணி ஊசி, முரட்டு நூல், ஈரம் படாமல் சுற்றிய தீப்பெட்டி, ஒரு விரல் நீள உப்பு டப்பா. வழியில் யாருக்காவது செருப்பு அறுந்தாலும் சரி, தார்ப்பாய் கிழிந்தாலும் சரி, அந்தப் பையின் ஜிப் திறக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் ஸ்டெப்னி மாட்டக் குனிந்த இடத்தில் நிமிர முடியவில்லை. முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். முதலாளி நல்ல மனிதர். வண்டியை வேறு யாருக்கும் கொடுக்காமல், டிரைவரிடமே தொழில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்த கிளீனரிடம் கொடுத்தார். டிரைவர் சட்டியையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீடு இரண்டாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாய்கையில்தான் வருவாள். அதுவரை அந்த வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. படி இறங்குவார், தெருமுனை வரை போவார், திரும்பி ஏறுவார். பால்கனியில் நின்று போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்லிக்கொள்வார். நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். செய்ய ஒன்றும் இல்லாத கைகள் கடைசியில் சமையலறைக்குள் நுழைந்தன. ஆடிக்கொண்டிருந்த பாத்திரப் பிடிகளுக்கெல்லாம் கம்பி சுற்றி இறுக்கினார். டப்பாக்களை இடம் மாற்றினார். அடி கோணிய பாத்திரங்களையும், பூச்சு உரிந்த ஒரு லேசான நான்ஸ்டிக் பேனையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் இரும்புச் சட்டியை நிறுத்தினார். ஆயுசுக்கும் உழைக்கும் பாத்திரம் இருக்கையில் அந்தத் தகர டப்பா எதற்கு என்பது அவர் கட்சி.

மாலையில் மனைவி வந்தாள். உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை. நான்ஸ்டிக் பேனைத் தேடினாள், விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. சண்டை ஒன்றும் போடவில்லை. இத்தனை வருஷம் இந்த அடுப்படியில் யாரைக் கேட்டுச் சமைத்தேன் என்று மட்டும் கேட்டாள். பிறகு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

பார்த்துக்கொண்டார். மசமசவென்று சமைக்கத் தெரியாத மனிதர். அடுப்பைப் பெரிதாக வைத்து, நின்றபடியே கிளறி, நின்றபடியே தட்டில் போட்டு நீட்டுவார். அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார். சில நாள் கழித்து அவளே பேச்சை எடுத்தாள்.

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி இப்ப கிளம்பிடும்ங்கற மாதிரியே சமைக்கறீங்க. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஷெட்டுக்குப் போனார். அவருடைய பழைய வண்டி சிமென்ட் மூட்டையோடு மலைக்கு மேல் கிளம்பிக்கொண்டிருந்தது. சும்மா பேச்சுத்துணைக்கு வருகிறேன், ஓட்டச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று பழைய கிளீனரிடம் சத்தியம் செய்யாத குறை. அவனுக்கு மறுக்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டியையும் ஸ்டவ்வையும் எடுத்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். எங்கே, எப்போது திரும்புவீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. முதுகுவலி மாத்திரையை எடுத்து அவர் இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை மூடினாள்.

வண்டி நகர்ந்ததும் அவருக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு வளைவையும் அவன் திருப்புவதற்கு முன்னால் இவர் தோள் திரும்பியது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாதி ஏறியிருக்கையில் முன்னால் மண் சரிந்து சாலையை அடைத்துவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். அவர்களுக்கு நேர் பின்னால் ஒரு பஸ், நிறையப் பெண்களும் குழந்தைகளுமாக. மண்ணை அள்ள இயந்திரம் வர நேரமாகும் என்றார்கள். பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை ஓயாமல் அழுதது. மற்ற குழந்தைகளும் பசியில் சிணுங்கத் தொடங்கின.

வண்டியில் இருந்ததோ தின்ன முடியாத லோடு. டிரைவர் தன்னிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கழுவினார். லாரியின் பக்கவாட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் பையைத் துழாவி, ஒருத்தி தக்காளி, ஒருவர் கேரட், இன்னொருவர் சந்தைக்குக் கொண்டுபோன வெங்காயம் என்று நீட்டினார்கள். எல்லாம் சட்டிக்குள் போனது. நிறையப் பேருக்கு எட்ட வேண்டுமே என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கஞ்சியாகக் காய்ச்சினார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், மழையில் மாட்டிக்கொண்ட ஆள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

கஞ்சி கொதித்து அடங்கியதும், பழைய கிளீனர் ஓடி வருவதற்குள், நிறைந்த சட்டியைத் தனியாளாகத் தூக்கினார். இடுப்பில் யாரோ ஆணி இறக்கியது போல இருந்தது. சட்டியைச் சிந்தாமல் தரையில் வைத்துவிட்டுத்தான் விழுந்தார்.

அவரைத் தார்ப்பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். படுத்தபடியே உப்பு போடு, அடியிலிருந்து கிளறு, குழந்தைகளுக்கு முதலில் கொடு என்று குரல் கொடுத்தார். பழைய கிளீனர் கிட்டே வந்து குனிந்தான்.

"அண்ணே, பேசாம படுங்க. எனக்குத் தெரியாதா? உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

அவன் கஞ்சியை ஊற்றி அனுப்பிவிட்டு, மிச்சம் கிடந்த அரிசியைப் போட்டு மறுபடியும் சட்டியை ஏற்றினான். கம்பளியில் சுற்றி வைக்கவும் மறக்கவில்லை. டிரைவருக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பொறுக்கவும் முடியவில்லை. எழுந்துகொள்ளப் பார்த்தார், கால் பேச்சைக் கேட்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு இடத்தில் அசையாமல் கிடந்து, தான் இல்லாமலே நடக்கிற காரியத்தை வேடிக்கை பார்த்தார்.

வழி திறந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்தார். ஷெட் வாசலில் மனைவி ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரோடும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடும் காத்திருந்தாள். பழைய கிளீனர் போனில் சொல்லியிருந்தான். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். போட்டேன் என்றார். அவள் அவர் பையைத் திறந்து, வைத்தது வைத்தபடி இருந்த அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவர் வாயில் போட்டாள்.

பிறகு நீண்ட படுக்கை. கட்டிலிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அவளையே பார்த்தார். அவள் இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் அடுப்பிலிருந்து மேடைக்கு நகர்த்தினாள், அங்கே கொஞ்சம் நின்றாள், பிறகு கீழே இறக்கினாள். இறக்கிவிட்டு வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து அமுக்கினாள். ஒவ்வொரு வேளையும் இதேதான். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"கைக்கு என்ன?"

"ஈரத் துணி தூக்கித் தூக்கி மணிக்கட்டு போயிடுச்சு. ரொம்ப நாளாவே. அதனாலதான் அந்த லேசான பேன வெச்சிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எப்ப உக்காந்து கேட்டீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். முதுகு அதற்கும் விடவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதலில் போனது பழைய இரும்புக் கடைக்கு. பேன் எப்போதோ உருகப் போய்விட்டது. அதோடு விடாமல் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினார். ஒவ்வொன்றையும் ஒரு கையில் தூக்கிப் பார்ப்பது, அடியைத் தட்டிப் பார்ப்பது, வைத்துவிட்டு அடுத்த கடை. கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் மெல்லிய இரும்புத் தகட்டில் அடித்த, உழைக்கக்கூடிய வாணலி ஒன்று கிடைத்தது. உப்பும் துணியும் வைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிப் புகைய விட்டு, ஆறவைத்து, மறுபடி தடவி, கறுத்துப் பளபளக்கும்வரை பழக்கினார். மனைவி ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். பிடி கொஞ்சம் குட்டை என்றாள். அது நல்ல வார்த்தை என்று அவருக்குப் புரிந்தது. பிடியை நீட்டி மரக்கட்டை சொருகினார். பழைய சட்டி, பழைய கிளீனரோடு லாரிக்கே போய்விட்டது.

நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதையே பிழைப்பாக்கிக்கொண்டார். குக்கர் பிடி மாற்றுவது, கத்தி தீட்டுவது, பாத்திரங்களின் ஆடும் காதுகளுக்குத் திருகு போடுவது என்று அக்கம்பக்கத்துக் கட்டிடங்களில் மாடி மாடியாக அலைந்தார். வீட்டில் காலைச் சமையல் அவருடையது, மாலைச் சமையல் அவளுடையது. உப்பு எங்கே இருக்கவேண்டும் என்கிற தகராறு தீர்ந்தபாடில்லை.

ஆனாலும் மனுஷர் அடங்கிவிட்டார் என்று சொல்லமுடியாது. விடுமுறை நாளில் கூண்டுப் புலி மாதிரி அறைக்குள் உலாத்துவார். அப்படி ஒருநாள் உலாத்தியபோது, செருப்பை மாட்டுங்கள், நானும் வருகிறேன் என்று மனைவி கிளம்பினாள். புறவழிச்சாலை மேம்பாலம் வரை நடந்தார்கள். கீழே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. டயர் அமுங்கியிருப்பதையும் கயிறு கட்டியிருக்கிற விதத்தையும் பார்த்து, இது பஞ்சு, இது இரும்பு, இவன் அவசரக்காரன், இவன் வீட்டுக்குத் திரும்புகிறவன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் சொன்னார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவள் மேலும் கேட்டுக்கொண்டே நின்றாள்.