அலவாங்கும் ஒன்பது நிமிடமும்

துறைமுக வாசலில் லொறிகளுக்கு முறை பதியும் கணினி என் பொறுப்பு. அப்போதுதான் பதிந்த சாரதியிடம், "உங்களுக்கு முன்னால நாற்பது லொறி நிக்குது" என்றேன். அவன் லொறியிலிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துவந்து கணினியை அடித்து நொறுக்கினான். தடுக்கப்போன என் முன்பல் உடைந்து தெறித்தது. மற்றச் சாரதிகள் அவனை மிதி மிதியென்று மிதித்தார்கள்.

முறைப் பதிவுக் கோப்பு பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் பிரதியாகும். ஐந்து நிமிடமாக்கச் சொல்லியிருந்தார்கள்; நான்தான் அலட்சியமாக விட்டிருந்தேன். இரத்தம் துப்பியபடி வேறு கணினியில் எல்லாவற்றையும் மீட்டேன். கடைசி ஒன்பது நிமிடம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் பதிந்தவன் அவன் ஒருவன்தான். பிறகு வந்த லொறிகளையும் வரிசையில் பதிந்தேன்.

வீங்கிய முகத்தோடு அவன் வந்து கேட்டான்: "என்ர முறை இருக்கோ?"

"பதிவில இல்லை. கடைசியில போய் நில்லு."

அவனுடைய முறை நாற்பத்தொன்று. எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.